8 அடி பழைய ஃபைபர்கிளாஸ் ராடுக்கு ஏற்ற பழைய ஃப்ளை ரீல், அதிகச் செலவில்லாமல் எது எடுக்கலாம்?

நீரோட்டம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பெரியப்பாவுக்குத் தோள்வலி வந்துவிட்டது, இனி வீச முடியாது என்று தன் ஃப்ளை ராடை, அதாவது பூச்சி மாதிரி இலேசான போலி இரையை வீசி மீன் பிடிக்கும் தூண்டில் கோலை, என்னிடம் கொடுத்துவிட்டார். பழுப்பு நிற ஃபைபர்கிளாஸ், 8 அடி, இரண்டு துண்டு, நடுவில் உலோக இணைப்பு. கார்க் பிடி கறுத்திருக்கிறதே தவிர எங்கும் விரிசல் இல்லை, வளையங்களைக் கட்டிய நூல்கூட அப்படியே இருக்கிறது. பிடிக்கு மேலே மையால் எழுதியதில் பெயர் பாதி அழிந்துவிட்டது, "எச்டிஎச்" என்ற மூன்று எழுத்து மட்டும் நன்றாகத் தெரிகிறது. அது லைனை, அதாவது வீசும் தடித்த நூலைப் பற்றியது என்று பெரியப்பா சொன்னார், அதற்கு மேல் அவருக்கு நினைவில்லை. அவர் வைத்திருந்த ரீலை எப்போதோ யாருக்கோ கொடுத்துவிட்டாராம்.

என்னிடம் இருப்பது புதிய மாதிரி ரீல், நடுத்தண்டு பெரியது, எடை மிகக் குறைவு. அதை இந்த ராடில் மாட்டி ஒரு நாள் முழுக்க வீசிப் பார்த்தேன். முனை கீழேயே இழுக்கிறது, மாலைக்குள் மணிக்கட்டு போய்விட்டது. பார்க்கவும் பொருந்தவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அதுவும் முக்கியம். பெரியப்பா பிடித்த காலத்து ரீல் ஒன்று இதில் இருந்தால் நன்றாக இருக்கும்.

சேகரிப்பாளர்கள் போட்டி போட்டு வாங்கும் ரீல் வேண்டாம், அவ்வளவு பணமும் இல்லை. ஒரு நடுத்தரமான புது ரீலின் விலையில் பாதிக்குள் முடிய வேண்டும். சின்ன ஆறுகளில் டிரவுட்தான் பிடிப்பேன், பெரிய மீனுக்குப் போவதில்லை. வலது கையால் வீசி இடது கையால் சுற்றுகிறவன். எந்த அளவு, எந்த மாதிரி, படத்தைப் பார்த்து வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பட்டுநூல் எழுதியது:

ரீலைப் பிறகு பார்க்கலாம், முதலில் அந்த மூன்று எழுத்தைத் தீர்த்துவிடுவோம். லைன் எது என்று தெரியாமல் ரீல் தேடினால் இரண்டு முறை செலவு செய்வீர்கள்.

அந்தக் காலத்தில் ஃப்ளை லைனை எடையால் அல்ல, தடிமனால்தான் குறித்தார்கள். ஏ என்றால் 0.060 அங்குலம், அதற்கடுத்த ஒவ்வொரு எழுத்துக்கும் 0.005 அங்குலம் குறையும், அப்படியே இறங்கி வந்தால் டி 0.045, எச் 0.025. எனவே எச்டிஎச் என்றால் இரண்டு முனையும் மெல்லியது, நடுவில் 0.045 அங்குலத் தடிமன். இன்று டபுள் டேப்பர், சுருக்கமாக டிடி என்கிறோமே, அதேதான். பட்டு லைன் மட்டும் இருந்தவரை இந்த முறையில் சிக்கலே வரவில்லை. நைலான் வந்ததும் குழப்பம் தொடங்கியது, ஏனென்றால் ஒரே தடிமனில் நைலான் பட்டைவிட இலேசு. எழுத்து ஒன்றாக இருந்தும் எடை வேறாகிவிட்டது. ராடை வளைப்பது எடைதானே தவிர தடிமன் இல்லை. அதனால்தான் 1961 வாக்கில் ஆஃப்ட்மா என்ற தயாரிப்பாளர் சங்கம் லைனின் முதல் 30 அடியின் எடையை வைத்து எண் கொடுக்கத் தொடங்கியது. 5 என்றால் 140 கிரெய்ன் (ஏறத்தாழ 9 கிராம்), 6 என்றால் 160 கிரெய்ன்.

எச்டிஎச் என்பதை இன்றைய கணக்கில் பெரும்பாலும் டிடி6 என்று எடுத்துக்கொள்வார்கள். பட்டு லைனுக்காகச் செய்த மூங்கில் ராடானால் 5 கூடச் சரியாக வரும். உங்களுடையது கிளாஸ், அதனால் 6இல் தொடங்குங்கள். ஆனால் வாங்குவதற்கு முன் யாரிடமாவது 5, 6 இரண்டையும் கேட்டு வாங்கி, அதே ராடில் ஒரு மணி நேரம் வீசிப் பாருங்கள். கிளாஸ் ராடு மெதுவாக வளையும், பொறுமையாக வீச வேண்டும், எந்த லைனில் அது அடிப்பகுதி வரை வளைந்து வருகிறது என்று கைக்கே தெரிந்துவிடும்.

அடுத்தது எடை. இதற்கு யாருடைய கருத்தும் தேவையில்லை, வீட்டிலேயே அளந்துவிடலாம். ரீல் சீட்டின் (ராடில் ரீலை மாட்டும் இடம்) நடுவில் ஒரு சின்னத் துணிப்பையைக் கட்டுங்கள். ராடைச் சேர்த்து, கார்க் பிடியின் முன்முனைக்குக் கீழே ஒரு விரலை வைத்துத் தாங்குங்கள். பைக்குள் நாணயமோ நட்டு போல்ட்டோ ஒவ்வொன்றாகப் போட்டு, ராடு படுக்கையாக நிற்கும்வரை சேருங்கள். பிறகு பையைக் கழற்றி, சமையலறைத் தராசில் வையுங்கள். அந்த எடைதான் ரீல், பேக்கிங் (லைனுக்கு அடியில் சுற்றும் நூல்), லைன் எல்லாம் சேர்ந்து இருக்க வேண்டிய எடை. 27 மீட்டர் டிடி6 லைன் மட்டும் ஏறத்தாழ 30 கிராம் வரும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மறக்க வேண்டாம்: சோதிக்கும்போது வளையங்களில் லைனைக் கோத்திருக்க வேண்டும். வளையங்களுக்குள் இருக்கும் லைன் 2 கிராம் சொச்சம்தான், ஆனால் அது விரலிலிருந்து சராசரியாக ஒரு மீட்டர் தள்ளி நிற்கிறது, ரீலோ ஒரு சாண் தூரத்தில். நெம்புகோல் கணக்கில் அந்த 2 கிராமைச் சமன் செய்ய ரீல் பக்கம் பத்துப் பன்னிரண்டு கிராம் வேண்டியிருக்கும்.


கொண்டிச்சத்தம் எழுதியது:

தம்பி, பெரியப்பா ராடு என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. கட்டாயம் அதில் மீன் பிடியுங்கள், சுவரில் மாட்டி வைக்காதீர்கள்.

பட்டுநூல் சொன்னபடி எடையை அளந்த பிறகு இதைப் படியுங்கள். உங்கள் கணக்குக்கு நான் முதலில் சொல்வது ஃப்ளூகர் மெடலிஸ்ட். 1930களிலிருந்து பல பத்தாண்டுகள் ஏராளமாகச் செய்யப்பட்ட ரீல், அதனால்தான் இன்றும் விலை ஏறாமல் கிடைக்கிறது. அரிதாக இல்லை என்பது சேகரிப்பாளருக்குக் குறை, மீன் பிடிப்பவருக்கு வரம், ஸ்பூலும் (லைன் சுற்றும் உருளை) உதிரியும் ஒன்றிலிருந்து ஒன்று எடுத்துக்கொள்ளலாம். 1494 என்பது மூன்றேகால் அங்குலம், 1495 என்பது 3 5/8 அங்குலம், 1498 என்பது 4 அங்குலம். எண்ணுக்குப் பின்னால் ½ இருந்தால் விட்டம் அதேதான், ஸ்பூல் மட்டும் அகலம். டிடி6 லைனுக்கு வெறும் 1494 நெருக்கும், நான் 1494½ அல்லது 1495 பக்கம் போவேன். 8 அடி கிளாஸ் ராடுக்கு 1495 பெரிதாகத் தெரியும் என்று சிலர் சொல்வார்கள், மாட்டிப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

முதலில் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஆக்ரனில் செய்தார்கள். 1966இல் ஷேக்ஸ்பியர் நிறுவனம் ஃப்ளூகரை வாங்கியது, அதற்குப் பிறகு வந்தவை வேறு இடங்களில் செய்யப்பட்டவை. ரீலின் பாதத்திலோ முகத்திலோ ஆக்ரன் என்ற பெயர் பொறித்திருந்தால் விற்பவர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார். நல்ல நிலையில் இருந்தால் கொடுக்கலாம், ஆனால் ஆக்ரன் என்ற ஒரே காரணத்துக்காகத் தேய்ந்ததை வாங்க வேண்டாம்.

இங்கிலாந்துப் பக்கம் பார்த்தால் ரெடிச்சில் இருந்த ஜே.டபிள்யூ. யங் செய்த ரீல்கள். பிரைடெக்ஸ், பியூடெக்ஸ், காண்டெக்ஸ் என்று பெயர் இருக்கும். உறுதியானவை, தேவையில்லாத அலங்காரம் கிடையாது. இதே யங் ஆலை வேறு பல விற்பனையாளர்களின் பெயரிலும் ரீல் செய்து கொடுத்தது. முகத்தில் யாரும் கேள்விப்படாத கடையின் பெயர் இருக்கும், திறந்து பார்த்தால் உள்ளே பல்சக்கரத்தில் தட்டிக் கிளிக் சத்தம் தரும் அதே கொண்டி, அதே ஸ்பிரிங். சேகரிப்பாளர்கள் பெயரைத் தேடுவதால் இவற்றைக் கண்டுகொள்வதில்லை. மலிவாக வாங்க வேண்டும் என்றால் நான் தேடும் முதல் இடம் இதுதான்.

சேகரிப்பாளர்கள் தேடும் ஹார்டி நிறுவனத்தின் ரீல்களை மட்டும் தள்ளி வைக்கச் சொல்வேன், இப்போதைக்கு. அவர்களுடைய பெர்ஃபெக்ட் அருமையான ரீல், எல்ஆர்எச் லைட்வெயிட்டின் சத்தத்தைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள், ஆனால் நீங்கள் சொன்ன பணத்துக்குக் கிடைப்பது எதையோ இழந்த ரீலாகத்தான் இருக்கும். ஒரு வழி உண்டு. சயன்டிஃபிக் ஆங்லர்ஸ் சிஸ்டம் என்ற பெயரில் வந்த பழைய ரீல்களை ஹார்டிதான் செய்து கொடுத்தது. சிஸ்டம் 5, சிஸ்டம் 6 என்று லைனின் எண்ணையே ரீலுக்கும் வைத்தார்கள், குழப்பமே இல்லை. ஹார்டி என்ற பெயர் முகத்தில் பெரிதாக இல்லாததால் விலை கீழே இருக்கும். பெரியப்பாவின் ராடைவிடக் கொஞ்சம் பிந்திய காலத்தது, அது உங்களுக்குப் பரவாயில்லை என்றால் பாருங்கள்.

ஆட்டோமேட்டிக் ரீல் என்று ஒன்று மலிவாக வரும், நெம்புகோலை அழுத்தினால் ஸ்பிரிங் தானே லைனைச் சுற்றிக்கொள்ளும். வேண்டாம். எடை அதிகம், லைன் குறைவாகத்தான் கொள்ளும், பேக்கிங்குக்கு இடமே இருக்காது.

இனி படம் பார்த்து வாங்குவது. ஒருமுறை நானே ஏமாந்தேன். முகப்பில் பெயிண்ட் உதிராத அழகான ரீல், நான்கு படம், நான்கும் முன்பக்கம். வந்ததும் சுற்றிப் பார்த்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் உரசுகிறது, எப்போதோ கல்லில் விழுந்து ஸ்பூலின் விளிம்பு வளைந்திருக்கிறது. மெல்லிய அலுமினிய விளிம்பு, நிமிர்த்தப் போனால் வெடித்துவிடும். விற்றவர் திரும்பப் பதில் போடவில்லை. அதிலிருந்து நான் கேட்பது: ஸ்பூலைக் கழற்றி உள்பக்கம் ஒரு படம், பின்தகட்டின் உள்பக்கம் ஒரு படம், பாதத்தைப் பக்கவாட்டில் ஒரு படம், அப்புறம் ஸ்பூல் சுழலும் ஒரு சின்ன வீடியோ, சத்தத்தோடு. சத்தம் சீராக வந்தால் கொண்டியும் பல்சக்கரமும் நன்றாக இருக்கின்றன. இரண்டு கிளிக் வந்து ஒன்று விட்டுப்போனால் பல் தேய்ந்திருக்கிறது. சத்தமே இல்லை என்றால் பெரும்பாலும் ஸ்பிரிங் உடைந்திருக்கும், அல்லது பழைய கிரீஸ் மெழுகு மாதிரி இறுகியிருக்கும். இறுகிய கிரீஸ் என்றால் உங்கள் அதிர்ஷ்டம், விலை குறையும், அரை மணி நேரத்தில் துடைத்துவிடலாம்.

பெயிண்ட் உதிர்ந்தது, முகத்தில் கீறல், முன்பிருந்தவர் பொறித்த முதலெழுத்துகள், இதெல்லாம் விலையைக் குறைக்கும், மீனுக்குத் தெரியாது. ஆனால் பாதத்தில் விரிசல், அச்சில் ஆட்டம், உப்பு அரித்த குழிகள், லைன் உரசி உரசி வாய்க்கால் விழுந்த லைன்கார்டு (லைன் வெளியேறும் இடத்துக் காப்பு), இவற்றில் ஒன்று இருந்தாலும் விட்டுவிடுங்கள். அப்படிப்பட்ட லைன்கார்டு புது பிவிசி லைனை ஒரே பருவத்தில் கிழித்துவிடும்.


மணல்திட்டு எழுதியது:

மேலே இரண்டு பேரும் நன்றாகவே சொல்லியிருக்கிறார்கள், ஆனால் எடையைப் பற்றி எனக்கு வேறு எண்ணம்.

நான் மூங்கில், கிளாஸ் இரண்டும் இருபது வருடமாக வீசுகிறேன். ரீலின் எடை சமநிலைக்குப் பத்துப் பதினைந்து கிராம் முன்னே பின்னே இருந்தால் எந்தக் கையும் கண்டுபிடிக்காது. வீசும்போது வளையங்களுக்கு வெளியே எவ்வளவு லைன் இருக்கிறது என்பது ஒவ்வொரு வீச்சிலும் மாறுகிறது, சமநிலைப் புள்ளியும் கூடவே மாறுகிறது. அதனால் அந்தப் பைச் சோதனையை ஒரு எல்லை காட்டும் கருவியாக எடுத்துக்கொள்ளுங்கள். 170 என்று வந்தால் 155இலிருந்து 185 வரை எதுவும் சரி. சரியாக 170 கிராம் ரீலைத் தேடி ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். குறைவாக இருந்தால் பேக்கிங்குக்குக் கீழே நடுத்தண்டில் ஈயக்கம்பி சுற்றிச் சேர்க்கலாம், கூடுதலாக இருந்தால் குறைக்க வழியில்லை, எனவே சந்தேகம் வந்தால் இலேசான பக்கம் போங்கள்.

கொள்ளளவுதான் பலரையும் கவிழ்க்கிறது. பழைய பட்டியலில் இந்த ரீல் எச்டிஎச் 30 கஜமும் பேக்கிங் 50 கஜமும் கொள்ளும் என்று போட்டிருப்பார்கள். அது பட்டு லைன் கணக்கு. இன்றைய மிதக்கும் லைனில் பூச்சுக்குள் நுண்ணிய காற்றுக் குமிழ்கள் இருக்கின்றன, அதனால்தான் அது மிதக்கிறது, அதனால்தான் அதே எடைக்குத் தடிமனும் அதிகம். பட்டியலை நம்பி வாங்கினால் பேக்கிங் போட்ட பிறகு லைன் ரீல் சட்டத்தின் தூண்களில் உரசும். டிடி லைனை நடுவில் வெட்டிப் பாதியைச் சுற்றுவது பழைய வழக்கம், எனக்கும் பிடித்த வழி. சின்ன ஆற்றில் 13 மீட்டருக்கு மேல் யாரும் வீசப்போவதில்லை, மீதிப் பாதியைப் பத்திரமாக வைத்தால் இந்தப் பாதி தேய்ந்ததும் புது லைன் கிடைத்த மாதிரி. கிடைக்கும் இடத்தில் பேக்கிங்கை நிறையச் சுற்றுங்கள். பழைய ரீலின் நடுத்தண்டு சிறியது, பேக்கிங் இல்லாமல் சுற்றினால் லைன் சுருள் சுருளாக நினைவு வைத்துக்கொள்ளும், ஒரு சுற்றுக்கு வரும் நீளமும் மிகக் குறைவு. மூன்றேகால் அங்குல ஸ்பூல் நிறைந்திருக்கும்போது ஒரு சுற்றுக்கு 25 சென்டிமீட்டர் வரும், ஒரு அங்குலத் தண்டு வரை காலியாக இருக்கும்போது 8 சென்டிமீட்டர்தான்.

அப்புறம் இடது கை. இதை யாரும் தொடவில்லை, நீங்கள் தெளிவாகவே கேட்டிருந்தீர்கள். பழைய ரீல்களில் பெரும்பாலானவை வலது கையால் சுற்றுவதற்கு வைக்கப்பட்டவை. கொண்டியும் கிளிக்கும் மட்டும் உள்ள ரீல்களில் ஸ்பூலைக் கழற்றி, கொண்டியைத் திருப்பிப் போட்டால் பெரும்பாலும் மாறிவிடும். எல்ஆர்எச் மாதிரி ஹார்டிகளில் இரண்டு கொண்டி இருக்கும், ஒன்று வேலை செய்யும், மற்றது உபரி. மெடலிஸ்டிலும் மாற்றலாம், ஆனால் கொண்டியைத் திருப்பினால் மட்டும் போதாது, லைன்கார்டையும் இடம் மாற்ற வேண்டும். உங்கள் கண்ணில் படும் ரீலில் லைன்கார்டு கழலும் வகையா, அதன் திருகுகள் துருப்பிடித்து இறுகியிருக்கின்றனவா என்று கேளுங்கள். ஹார்டி பெர்ஃபெக்ட்டை வலதுக்குத் தனியாகவும் இடதுக்குத் தனியாகவும் செய்தார்கள். இடது கை பெர்ஃபெக்ட் குறைவாகத்தான் கிடைக்கும், விலையும் கூடுதல்.

கடைசியாகப் பாதம். உங்கள் ராடில் ரீல் சீட் எப்படி? திருகு வளையமா, வெறுமனே நகரும் இரண்டு வளையமா? பழைய ரீல்களின் பாதங்கள் ஒரே அளவில் வராது. நீளமும் தடிமனும் வளைவும் ஒவ்வொன்றுக்கும் வேறு. முன்பிருந்த யாரோ அரத்தால் ராவிய பாதம் நிறையவே கிடைக்கும். சேகரிப்பவர் அதைத் தொடவே மாட்டார், அதனால் விலை நன்றாகக் குறையும். அளவாக ராவியிருந்தால் பயமின்றி வாங்குங்கள், மெலிந்து காகிதம் மாதிரி இருந்தால் வேண்டாம்.


நீரோட்டம் எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை, மூவருக்கும் மிக்க நன்றி.

ஞாயிற்றுக்கிழமை பைச் சோதனை செய்தேன். லைனைக் கோத்துவிட்டுத்தான் அளந்தேன். நட்டும் வாஷரும் சேர்ந்து 194 கிராம் வந்தது. லைனுக்கு 30, பேக்கிங்குக்குக் கொஞ்சம் கழித்தால் ரீல் மட்டும் 155இலிருந்து 160 வரை இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்கிறேன். என்னுடைய இப்போதைய ரீல் 105 கிராம்! மணிக்கட்டு ஏன் வலித்தது என்று இப்போதுதான் புரிகிறது.

லைனும் முடிவாகிவிட்டது. நண்பர் ஒருவரிடம் 5, 6 இரண்டும் இருந்தன. 5 போட்டால் நுனி மட்டும் வளைந்து, அரைகுறையாகக் காற்றில் நிற்கிறது. 6 போட்டதும் ராடு வேறு ராடாகிவிட்டது. முன்னால் போகும் லைனைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

சீட் நகரும் வளையம் இல்லை, திருகு வளையம்தான். கீழிருந்து மேலே இறுக்குகிறது.

தேடியதில் இரண்டு ரீல் கிடைத்திருக்கிறது. ஒன்று மெடலிஸ்ட் 1495. பெயிண்ட் நன்றாக இருக்கிறது, ஆனால் லைன்கார்டு இல்லை, எங்கோ தொலைந்துவிட்டதாம். இன்னொன்று மூன்றரை அங்குலம், முகத்தில் ஒரு பழைய விளையாட்டுப்பொருள் கடையின் பெயர் மட்டும், தயாரிப்பாளர் பெயர் இல்லை, இங்கிலாந்தில் செய்தது என்று பொறித்திருக்கிறது. சாம்பல் நிறம், பாதி உதிர்ந்திருக்கிறது. பின்னால் யாரோ மூன்று எழுத்து செதுக்கியிருக்கிறார்கள். விற்பவர் தராசில் வைத்து 158 கிராம் என்று படம் அனுப்பினார். விலை மெடலிஸ்டின் பாதிதான். வீடியோவில் சத்தம் வருகிறது, ஆனால் மெதுவாக, மந்தமாக. உள்பக்கப் படத்தில் பழுப்பாக ஏதோ கெட்டியாக ஒட்டியிருக்கிறது. எதை எடுப்பது?


கொண்டிச்சத்தம் எழுதியது:

சாம்பல் நிறத்தை எடுங்கள் தம்பி, யோசிக்கவே வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் யங் ஆலை வேலை மாதிரிதான் இருக்கிறது, உறுதியாகச் சொல்ல உள்பக்கம் பார்க்க வேண்டும், ஆனால் யார் செய்தது என்பதைவிட எடையும் நிலையும் முக்கியம், இரண்டும் கையில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. பழுப்பாகத் தெரிவது பழைய கிரீஸ். சத்தம் மந்தமாக இருப்பதற்கும் அதுதான் காரணம், கொண்டி அதற்குள் நீந்திக்கொண்டிருக்கிறது.

மெடலிஸ்டை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கே மனசு வரவில்லை, ஆனால் லைன்கார்டு தனியாகத் தேடி, அதை இடது பக்கம் மாட்டி, இதற்கெல்லாம் ஆகும் செலவில் இன்னொரு முழு ரீலே வாங்கலாம்.


மணல்திட்டு எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், ஒரே ஒரு நிபந்தனையோடு. பணம் அனுப்பும் முன் விற்பவரிடம் ஸ்பூலைச் சட்டத்தில் வைத்து, விரலால் முன்னும் பின்னும் அசைத்து ஒரு வீடியோ கேளுங்கள். அச்சில் தேய்மானம் இருந்தால் விளிம்பு தெளிவாக ஆடும். மயிரிழை ஆட்டம் எல்லாப் பழைய ரீலிலும் உண்டு, அதற்குப் பயப்பட வேண்டாம். சட்டத்தில் இடிக்கும் அளவுக்கு ஆடினால் மட்டும் விட்டுவிடுங்கள்.

வந்ததும் எண்ணெய் ஊற்றாதீர்கள். எல்லாரும் செய்யும் தவறு அதுதான், புது எண்ணெய் பழைய கிரீஸைக் கரைத்து இன்னும் உள்ளே கொண்டுபோகும். முதலில் ஸ்பூலைக் கழற்றி, மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பல்துலக்கியால் கொண்டி, ஸ்பிரிங், பல்சக்கரம் எல்லாவற்றையும் தேயுங்கள், காற்றோட்டமான இடத்தில், அடுப்புப் பக்கம் வேண்டாம். பெயிண்ட் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றாகக் காய்ந்ததும் அச்சில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய், கொண்டி உட்காரும் இடத்தில் கடுகளவு கிரீஸ், அவ்வளவுதான். கொண்டியைக் கழற்றும்போது எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஸ்பிரிங் துள்ளிப் போகும், துணி விரித்து அதன் மேல் வைத்துத் திறங்கள். இடது கைக்குத் திருப்பவும் அதுதான் நேரம்.


பட்டுநூல் எழுதியது:

கொண்டியைத் திருப்பும்போது அதன் முனையையும் பாருங்கள். முக்கோணமாக இருக்கும், வலது கையால் சுற்றியவர் பல வருடம் பயன்படுத்தியிருந்தால் ஒரு பக்கம் மட்டும் மழுங்கியிருக்கும்.  


நீரோட்டம் எழுதியது:

சாம்பல் ரீல் வந்துவிட்டது. ஆட்டம் இல்லை, வீடியோ கேட்டு வாங்கியதால் தைரியமாக எடுத்தேன். மண்ணெண்ணெயில் தேய்த்தபோது கிரீஸ் பாளம் பாளமாக வந்தது, அடியில் பித்தளைப் பல்சக்கரம் பளிச்சென்று இருந்தது. கொண்டியின் ஒரு பக்கம் பட்டுநூல் சொன்னபடியே மழுங்கியிருந்தது, மற்றப் பக்கம் கூர்மை குறையவே இல்லை. திருப்பிப் போட்டேன்.

பாதம் மட்டும் முதலில் சீட்டுக்குள் போகவில்லை, ஒரு முனை கொஞ்சம் தடிமன். உடனே ராவ மனம் வரவில்லை. சீட்டின் மூடிக்குள் பார்த்தால் பழைய மெழுகும் கார்க் தூளும் அடைத்துக்கொண்டிருந்தன. குச்சியால் சுரண்டி எடுத்ததும் பாதம் அழகாக உட்கார்ந்துவிட்டது, அரம் தேவைப்படவில்லை.

டிடி6ஐ நடுவில் வெட்டிப் பாதியைச் சுற்றினேன், பேக்கிங் நிறையவே போனது. எல்லாம் மாட்டி விரலில் வைத்துப் பார்த்தபோது கார்க் முனைக்கு ஒரு விரற்கடை பின்னால் நிற்கிறது. மணல்திட்டு சொன்ன எல்லைக்குள்தான்.

நேற்று சாயங்காலம் பெரியப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ராடைக் கையில் வாங்கவில்லை, ரீலை மட்டும் காதுக்குப் பக்கத்தில் வைத்து, லைனை மெதுவாக இழுத்து இழுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய பழைய ரீலுக்கும் ஏறக்குறைய இதே சத்தம்தானாம். அடுத்த வாரம் ஆற்றுக்குப் போகும்போது கூட வருகிறேன், கரையில் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

ஒரு சந்தேகம் மட்டும். பின்னால் செதுக்கியிருக்கும் அந்த மூன்று எழுத்தை அப்படியே விடலாமா, தேய்த்து எடுக்க வேண்டுமா?


கொண்டிச்சத்தம் எழுதியது:

தேய்க்காதீர்கள் தம்பி. அதற்குப் பக்கத்தில் இடம் இருந்தால் பெரியப்பாவின் முதலெழுத்தைச் சேருங்கள்.